குறட்டையை நிறுத்தும் என்று விற்கப்படுபவை: எது யாருக்கு உதவும்?

குறட்டைக்கென்று விற்கும் பொருட்களின் அட்டைகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வாக்குறுதிதான்: முதல் இரவிலேயே நிம்மதி. மூக்கில் ஒட்டும் பட்டை, வாயில் மாட்டித் தாடையை முன்னால் இழுக்கும் கவ்வி, தாடையைத் தூக்கிக் கட்டும் வார், தொண்டையில் அடிக்கும் ஸ்ப்ரே, விரலில் போடும் மோதிரம் என்று வகைக்குக் குறைவில்லை. இவற்றில் சில உண்மையிலேயே நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் உங்கள் குறட்டை எந்த இடத்தில் பிறக்கிறது என்று ஒரு அட்டையும் கேட்பதில்லை. மூக்கடைப்பால் வரும் குறட்டைக்குத் தாடைக் கவ்வியும், நாக்கு சரிந்து வரும் குறட்டைக்கு மூக்குப் பட்டையும் வாங்கிவிட்டு, "எதுவும் வேலைக்கு ஆகவில்லை" என்று அலமாரியில் போட்டவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் சத்தம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள காற்றுப் பாதைக்குச் சுற்றிலும் தாங்கிப்பிடிக்க எலும்பு வளையம் கிடையாது. தசைகளின் விறைப்புதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. தூங்கியதும் விறைப்பு தளர்கிறது, பாதை ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுத்து, மேல்வாயின் பின்பகுதியான மென்அண்ணத்தையும் உள்நாக்கையும் காற்றில் ஆடும் துணி போலப் படபடக்க வைக்கிறது. அந்தப் படபடப்புதான் குறட்டை. மூக்கு அடைத்திருந்தால் உள்ளே இழுக்கும் விசை கூடி, பின்னாலுள்ள மெல்லிய சதை இன்னும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி தன் எடையாலேயே பின்னால் சரியும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குப் பாதை வெளியிலிருந்தும் நெருக்கப்படும்.

வாங்கும் முன் ஐந்து நிமிடம்

விழித்திருக்கும்போதே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. துல்லியமானவை அல்ல, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கண்ணாடி முன் நின்று வாயை மூடி, ஒரு நாசியை விரலால் அடைத்து, மறு நாசியால் மூச்சை இழுங்கள். நாசியின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்கிறதா? அப்போது கன்னத்தை மூக்கின் ஓரத்திலிருந்து காதுப் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தால் காற்று தாராளமாகப் போகிறதா? போனால் ஒடுக்கம் மூக்கின் முன்வாசலில் இருக்கிறது. மூக்குப் பட்டை உங்களுக்குத்தான்.

அடுத்து, வாயைத் திறந்து வேண்டுமென்றே குறட்டைச் சத்தம் எழுப்புங்கள், பிறகு வாயை மூடி எழுப்புங்கள். வாய் திறந்தால் மட்டும் சத்தம் வருகிறதென்றால் வாய்வழி மூச்சுக்குப் பங்கு இருக்கிறது. பிறகு நாக்கை எவ்வளவு வெளியே நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, பற்களால் மெல்லக் கவ்விக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பிப் பாருங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் நாக்கின் அடிப்பகுதிதான் குற்றவாளி, தாடைக் கவ்விக்கு வாய்ப்பு அதிகம். நாக்கை நீட்டியும் சத்தம் மாறவில்லை என்றால் மென்அண்ணத்தைச் சந்தேகிக்கலாம்.

கூடவே ஒரு வாரம் ஒலிப்பதிவு செய்யுங்கள். குறட்டையைப் பதியும் செல்போன் ஆப்கள் பல இருக்கின்றன. எதுவானாலும் பரவாயில்லை, முறைதான் முக்கியம். போனை ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில், தலையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில், சார்ஜரில் மாட்டி வையுங்கள். மின்விசிறிக் காற்று மைக்கில் நேராகப் படக்கூடாது. எந்தப் பொருளும் இல்லாமல் ஏழு இரவு, பிறகு ஒரே ஒரு பொருளோடு ஏழு இரவு. குறட்டை இரவுக்கு இரவு தானாகவே ஏறி இறங்கும் என்பதால் ஒரு இரவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "முதல் இரவிலேயே போய்விட்டது" என்ற விமர்சனங்களில் பாதியை இதற்காகவே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு இரவுக்கும் எதிரே நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: மது குடித்தீர்களா, சளி இருந்ததா, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தபோது எப்படிப் படுத்திருந்தீர்கள்.

இந்த ஆப்களில் ஒரு பொல்லாத குறையும் உண்டு. சத்தம் இல்லாத நேரத்தை இவை நல்ல நேரமாக எண்ணிக்கொள்கின்றன. ஆனால் மூச்சே நின்றுபோனாலும் சத்தம் இருக்காது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் பதிவைக் கேளுங்கள். உரத்த குறட்டை, சட்டென்று 10 நொடிக்கு மேல் மௌனம், பிறகு திணறியோ செருமியோ மூச்சு இழுக்கும் ஒலி என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குக் கடையில் பொருள் தேட வேண்டாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூக்குப் பட்டை

இருப்பதிலேயே எளிமையானது, தீங்கு குறைவானது. ஆனால் பலர் இதைத் தவறாக ஒட்டுகிறார்கள். 1990களின் நடுவில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மூக்கில் ஒட்டிக்கொண்டு ஆடியதால் பிரபலமானது. வேலை செய்யும் விதம் சாதாரண இயற்பியல். பட்டைக்குள் இருக்கும் நெகிழ்வான பிளாஸ்டிக் கம்பி வளைத்து ஒட்டப்பட்டதும் நிமிரப் பார்க்கும். நிமிரும்போது நாசியின் இரு பக்கச் சுவர்களையும் வெளிப்பக்கம் தூக்கும்.

ஒட்ட வேண்டிய இடம் மூக்கின் எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடம், அதாவது நாசி மடல் விரிவதற்குச் சற்று மேலே. எலும்பின் மேல் ஒட்டினால் தூக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. நுனிக்கு அருகில் ஒட்டினால் நள்ளிரவில் கழன்றுவிடும். முகத்தை சோப்பால் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டவேண்டும்; இரவு க்ரீம் பூசியிருந்தால் பட்டை நிற்காது. ஒட்டியபின் இரு முனைகளையும் 10 நொடியாவது தேய்த்து அழுத்துங்கள். எடுத்து மறுபடி ஒட்டினால் பசை போய்விடும். காலையில் வெந்நீரில் நனைத்து, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி உரியுங்கள். வறட்டுத் தோலில் பிய்த்தால் தோலும் கூடவே வரும். தினமும் ஒட்டுபவர்களுக்குச் சிவந்து தடித்தால் சில நாள் விட்டுவிடுவதே நல்லது.

மேலே சொன்ன கன்னச் சோதனையில் தேறியவர்களுக்கும், சளி பிடித்த வாரங்களுக்கும் இதை நம்பி வாங்கலாம். இரு நாசிகளையும் பிரிக்கும் மூக்குத்தண்டு உள்ளே வளைந்திருப்பவர்களுக்கும், மூக்கில் சதை வளர்ந்திருப்பவர்களுக்கும் பெரிதாக உதவாது. நாக்குக் குறட்டைக்கு அறவே உதவாது.

நாசிக்குள் செருகும் சிலிக்கான் விரிப்பான் இதே வேலையை உள்ளிருந்து செய்கிறது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், தோல் உரியாது. ஆனால் அளவு சரியாக அமைய வேண்டும்; பல அளவுகள் அடங்கிய பெட்டியை வாங்கி, கழன்று விழாத அளவுகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். பெரிதாக இருந்தால் விடியும்போது மூக்கு எரியும். தினமும் சோப்பு நீரில் கழுவாவிட்டால் உள்ளே கொப்புளம் வரும்.

மூக்கில் விடுபவை

உப்புநீரால் மூக்கைக் கழுவும் பாட்டில் இந்தப் பட்டியலில் குறைத்து மதிப்பிடப்பட்ட பொருள். ஒவ்வாமையாலும் தூசியாலும் மூக்கடைத்துப் படுப்பவர்களுக்குப் பட்டையைவிட நல்லது. 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, கூடவே ஒரு சிட்டிகை சமையல் சோடா. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரிச்சல் வரும். தண்ணீரில் மட்டும் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால், மிக அரிதாக என்றாலும், மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாக நுழையலாம். குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்த நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவிவிட்டால் உள்ளே தங்கிய நீர் தலையணையில் வடியாது.

உடனடியாக அடைப்பைத் திறக்கும் ஸ்ப்ரேக்கள், அதாவது ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைகள், கேட்டதும் கொடுக்கும் கடன் மாதிரி. சில நிமிடத்தில் மூக்கு திறக்கும். சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் தணிந்ததும் முன்பைவிட மோசமாக அடைக்கும், அதைத் திறக்க மறுபடி அதையே அடிக்க வேண்டியிருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் மூன்று முதல் ஐந்து நாள் வரம்பு வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒவ்வாமைக்கான ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை: மெதுவாக வேலை செய்யும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். முனையை மூக்குத்தண்டை நோக்கிப் பிடித்தால் இரத்தம் கசியும். வலது கையால் இடது நாசியிலும் இடது கையால் வலது நாசியிலும் அடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும்.

மென்தால் தைலமும் உறிஞ்சு குப்பியும் மூக்கு திறந்துவிட்ட உணர்வைத் தரும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது, அவ்வளவுதான். பாதை ஒரு நூல் அளவுகூட அகலமாவதில்லை.

வாயை மூடுபவை

தாடை வார், தலையைச் சுற்றித் தாடையை மேலே தூக்கிக் கட்டும் பட்டி. வாய் மூடினால் குறட்டை நிற்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. வாயை மூடும், ஆனால் தாடையை முன்னால் கொண்டுவராது. இறுக்கிக் கட்டினால் பின்னால்கூடத் தள்ளிவிடும், அதனால் பாதை இன்னும் ஒடுங்கும். குறட்டைக்காக மட்டும் இதை வாங்குவது வீண். மூச்சுத்தடை நோய்க்காக நாசி மாஸ்க் போட்டு, காற்றைச் செலுத்தும் காற்றழுத்தக் கருவியில் தூங்குபவருக்கு வாய்வழிக் காற்று கசிந்தால் துணைப்பொருளாக உதவும்.

வாயில் டேப் ஒட்டுவது சமூக ஊடகங்களில் பரவிய பழக்கம். மூக்கு தாராளமாகத் திறந்திருக்கும், மூச்சுத்தடை நோய் இல்லாத சிலருக்குச் சத்தம் குறையலாம். ஆனால் வாயால் மூச்சு விடுபவர்களில் பலர் மூக்கு அடைத்திருப்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கு அவசர வாசலையும் பூட்டுவது சரியல்ல. குழந்தைகளுக்கும், வாந்தி வரக்கூடிய நிலையில் இருப்பவருக்கும், மது குடித்த இரவிலும் ஒட்டவே கூடாது.

ஒருக்களிக்க வைப்பவை

ஒலிப்பதிவில் மல்லாந்த நேரத்தில் உரத்த குறட்டையும் பக்கவாட்டில் ஏறக்குறைய அமைதியும் தெரிந்தால், மற்ற எதையும் தொடுமுன் இங்கே வாருங்கள். பழைய வழி, சட்டையின் முதுகில் பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போடுவது. வேலை செய்யும். ஆனால் முதுகு வலியாலும் தூக்கக் கலைவாலும் பெரும்பாலோர் சில மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். பந்துக்குப் பதில் முதுகின் நீளத்துக்கு உருட்டிய துணியோ நுரைத் துண்டோ வைத்தால் உறுத்தல் பரவி, தாங்க முடிகிறது. கழுத்திலோ மார்பிலோ கட்டும் அதிர்வுக் கருவி இதன் நவீன வடிவம்: மல்லாந்ததும் மெல்ல அதிரும், திரும்பும் வரை அதிர்வு கூடும். முதல் சில இரவுகள் அதிராமல் நிலையை மட்டும் பதிவு செய்து, பிறகு படிப்படியாகக் கூட்டும் வகையைத் தேடுங்கள். முதல் இரவிலிருந்தே முழு வேகத்தில் அதிர்வது தூக்கத்தைக் கெடுத்து, இரண்டாம் வாரத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை உயரம் தோளுக்கும் காதுக்கும் இடையிலான தூரத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். தாழ்ந்தால் தோள் வலித்து மறுபடி மல்லாந்துவிடுவார். முழங்கால்களுக்கு இடையில் இன்னொரு தலையணை இருந்தால் நிலை நீடிக்கும்.

"குறட்டைத் தலையணை" என்ற பெயரில் விற்பவற்றில் பல, பள்ளம் வெட்டிய சாதாரண நுரைத் தலையணைதான். இரண்டு மூன்று தலையணையை அடுக்கி உயர்த்துவது அதைவிட மோசம்: கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடித்து, பாதை மேலும் குறுகும். உயர்த்த வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து சாய்வாக எழும்பும் ஆப்புத் தலையணை, அல்லது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை. 2 மீட்டர் நீளக் கட்டிலின் தலைப்பக்கத்தை 15 செ.மீ. உயர்த்தினால் சுமார் 4 டிகிரிச் சாய்வு கிடைக்கும். 7.5 டிகிரி வேண்டுமென்றால் 26 செ.மீ. உயர்த்தவேண்டும்; அந்த உயரத்தில் சறுக்காமல் இருக்க நழுவாத விரிப்பும் தேவைப்படும். நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது இரட்டைப் பலன்.

தாடைக் கவ்வி

நாக்குக் குறட்டைக்குக் கடையில் கிடைப்பவற்றில் அதிகச் சான்றுள்ளது இதுதான், அதிகத் தவறு நடப்பதும் இதில்தான். மேல், கீழ் பற்களில் மாட்டியதும் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். தாடையோடு ஒட்டியிருக்கும் நாக்கும் கூடவே முன்னால் வரும், பின்னால் இடம் பிறக்கும்.

மூன்று தரம் உண்டு. வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் ஒரே துண்டு கவ்வி; அதே முறையில் வடிவமைத்து, முன்னகர்வை மில்லிமீட்டர் கணக்கில் மாற்றக்கூடிய இரண்டு துண்டு கவ்வி; பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது. முதல் வகையை வாங்காதீர்கள். கடித்த இடத்திலேயே தாடை நிலைத்துவிடும், வலித்தால் பின்வாங்க வழியில்லை. இரண்டாவது வகை சோதித்துப் பார்க்கச் சரியானது. ஒரு மாதம் அணிந்து பலன் தெரிந்தால், நீண்ட காலத்துக்கு மூன்றாவதற்குப் போங்கள். மெல்லியது, வாய் மூடும், பற்களில் அழுத்தம் சமமாகப் பரவும்.

வடிவமைக்கும்போது கொதிக்கும் பாத்திரத்துக்குள்ளேயே கவ்வியைப் போடாதீர்கள். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, தயாரிப்பாளர் சொன்ன நொடிக் கணக்கை கடிகாரத்தில் பார்த்துப் போடுங்கள். அதிக நேரம் கிடந்தால் குழைந்து வடிவம் சரியும், குறைந்தால் பல் பதியாது. எடுத்ததும் நீரை உதறி, ஒரு கணம் ஆறவிட்டு, வாயில் வைத்து அழுத்தமாகக் கடித்து, விரலால் வெளிப்பக்கத்தை ஈறோடு அழுத்தி, உள்காற்றை உறிஞ்சிக்கொண்டே அரை நிமிடம் இருங்கள். பிறகு குளிர்ந்த நீரில் போடுங்கள். மறுபடி மறுபடி சூடாக்கினால் பொருள் பலமிழக்கும் என்பதால் முதல் தடவையே சரியாகச் செய்வது நல்லது.

முன்னகர்வுதான் உயிர்நாடி. வாயை லேசாகத் திறந்து தாடையை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் பாருங்கள். அதுதான் உங்கள் உச்சம். அதில் பாதியில் தொடங்குங்கள். முதல் வாரம் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அணியப் பழகுங்கள். பிறகு மூன்று, நான்கு இரவுக்கு ஒருமுறை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கூட்டுங்கள். பதிவில் சத்தம் அடங்கிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் தள்ளினால் இன்னும் நல்லது" என்று உச்சத்தில் வைப்பவர்களுக்குத்தான் காதருகே உள்ள தாடை மூட்டு வலிக்கத் தொடங்கும். வலித்தால் ஒரு படி பின்வாங்கி, ஒரு வாரம் அந்த அளவிலேயே வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் எச்சில் வடிவதும், பல் கூசுவதும், காலையில் பற்கள் சரியாகப் பொருந்தாததுபோல் தோன்றுவதும் சாதாரணம். கவ்வியைக் கழற்றியதும் பின்பற்களால் மெல்லக் கடித்து, தாடையை விரலால் பின்னோக்கி மெதுவாக அழுத்தும் பயிற்சியைச் சில நிமிடம் செய்தால் அரை மணி நேரத்துக்குள் பழைய கடி திரும்பிவிடும். மதியம் வரையிலும் திரும்பாவிட்டால் நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்டுக் கணக்கில் அணிபவர்களுக்குக் கடியே நிரந்தரமாகச் சற்று மாறலாம். இதை அட்டைகள் மிகச் சிறிய எழுத்தில் போடும், அல்லது போடவே போடாது.

ஆடும் பற்கள், ஈறு நோய், தாடை மூட்டுக் கோளாறு, பல்செட், பல்லில் கம்பி ஆகியவை இருப்பவர்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் தாங்களாக வாங்கக் கூடாது. பல்செட் உள்ளவர்களுக்கு, நாக்கு நுனியை உறிஞ்சிப் பிடித்து வெளியே வைத்திருக்கும் குமிழ் வடிவக் கருவி ஒன்று உண்டு. நாக்கு நுனி வலிக்கும், எச்சில் ஊறும், பார்க்கவும் நன்றாக இருக்காது. பொறுத்துக்கொள்பவர்களுக்கு வேலை செய்கிறது.

கழுவ ஆறிய நீரும் மென்மையான பிரஷும் போதும். பற்பசை சிராய்ப்பு உண்டாக்கி, அந்தக் கீறல்களில் அழுக்குச் சேரும். வெந்நீரில் கழுவினால் பாடுபட்டு எடுத்த வடிவம் போய்விடும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் மூன்றே நாளில் வாடை வரும்.

பணத்தை மிச்சப்படுத்த

காந்த மூக்கு வளையம், அக்குபிரஷர் மோதிரம், குறட்டை கேட்டால் மணிக்கட்டில் மின்னதிர்வு தரும் பட்டை, தொண்டையில் எண்ணெய் பூசும் ஸ்ப்ரே: நான்கையும் ஒரே வரியில் முடித்துவிடலாம், வேண்டாம். மின்னதிர்வுப் பட்டை சத்தத்தை நிறுத்துவது உங்களை எழுப்பித்தான். அதற்குப் பக்கத்தில் படுப்பவரின் முழங்கையே போதும், அதற்கு பேட்டரியும் தேவையில்லை.

மாறாக, காசே இல்லாத ஒரு வழிக்குச் சான்று இருக்கிறது. வாய், தொண்டைத் தசைப் பயிற்சி. பிரேசிலில் நடந்து 2015ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதம் பயிற்சி செய்தவர்களின் குறட்டை எண்ணிக்கை 36 சதவீதமும் ஒலியாற்றல் 59 சதவீதமும் குறைந்தன. நாக்கு நுனியை மேல்வாயில் அழுத்திப் பின்னோக்கி இழுப்பது 20 முறை. நாக்கு முழுவதையும் மேல்வாயில் ஒட்டி உறிஞ்சிப் பிடிப்பது 20 முறை. நுனி கீழ்ப்பற்களைத் தொட்டிருக்க நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துவது 20 முறை. வாயைத் திறந்து 'ஆ' என்று உள்நாக்கை மேலே தூக்குவது 20 முறை. கன்னத்துக்குள் விரலை வைத்து, கன்னத் தசையால் அதை உள்ளே நெருக்குவது பக்கத்துக்கு 10 முறை. ஒரு சுற்றுக்குச் சுமார் எட்டு நிமிடம், நாளுக்கு மூன்று சுற்று. இரண்டாம் வாரத்திலேயே பலனைத் தேடி விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீளக் குழலை நான்கு மாதம் ஊதியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்ததாக 2006ல் ஓர் ஆய்வு வந்தது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2017ல் அதற்குக் கிடைத்தது, அதுவும் அமைதிக்காக!

நல்ல பொருளும் தோற்கும் இரவுகள்

திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்த கவ்வி சனிக்கிழமை இரவு கைவிட்டது என்றால் கவ்வியைக் குறை சொல்லுமுன் அன்றைய குறிப்பைப் பாருங்கள். மது நாக்கை முன்னால் பிடித்து வைத்திருக்கும் தசையைத் தளர்த்துகிறது. கடைசி மடக்குக்கும் படுக்கைக்கும் இடையில் குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். சில தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான மாத்திரைகளும் இதையே செய்யும். அவற்றைத் தாங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு நாள் தூக்கம் கெட்டு மூன்றாம் நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கும்போது தசைகள் வழக்கத்தைவிட அதிகம் தளரும், சத்தம் உயரும். புகைப்பது மூக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும். நிறுத்தினால் வீக்கம் இறங்க வாரங்கள் பிடிக்கும் என்பதால் ஏழு இரவுப் பதிவில் இதன் பலன் தெரியாது.

எடைதான் எல்லாவற்றிலும் பெரியது, எல்லாவற்றிலும் மெதுவானது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2000ல் வெளியான ஆய்வில், உடல் எடை 10 சதவீதம் குறைந்தபோது மூச்சுத்தடை எண்ணிக்கை சுமார் 26 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் கூடியபோது 32 சதவீதம் கூடியது. கழுத்துச் சுற்றளவை அளவு நாடாவால் மாதம் ஒருமுறை எடுத்து வைப்பது எடை இயந்திரத்தைவிட இங்கே பயனுள்ளது. ஒல்லியானவர்களும் குறட்டை விடுவார்கள், அவர்களுக்குத் தாடை அமைப்போ டான்சிலோ காரணமாக இருக்கலாம். எடை குறைக்கச் சொல்லி அவர்களை வதைக்க வேண்டாம்.

காற்றழுத்தக் கருவி

சிபாப் என்று சொல்லப்படும் இந்தக் கருவியை 1981ல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு அறிமுகப்படுத்தியது. மாஸ்க் வழியாகத் தொடர்ந்து வரும் காற்றழுத்தம் தொண்டையை உள்ளிருந்து விரித்து வைக்கிறது. குறட்டையை நிறுத்துவதில் இதற்கு இணை இல்லை. ஆனால் இது மூச்சுத்தடை நோய்க்கான சிகிச்சை. வெறும் சத்தத்துக்காக வாங்கும் பொருள் அல்ல. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 5 முதல் 14 மூச்சுத்தடை என்றால் லேசானது, 15 முதல் 29 நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமையானது. பகலில் தூங்கி வழிவது, உயர் இரத்த அழுத்தம், மூச்சு நிற்பதை மற்றவர் பார்த்தது, 50 வயதைக் கடந்தது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்து ஆகியவை உரத்த குறட்டையோடு சேர்ந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத்தடை இருக்கலாம் என்று ஸ்மார்ட் வாட்ச் எச்சரித்தால் அதைப் பொருட்படுத்துங்கள். எச்சரிக்கவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை வாரத்தில் பல இரவுகள் குறட்டை விட்டால் டான்சிலையும் மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டையும் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் பார்க்கவேண்டும், மேலே சொன்ன கருவிகளில் எதையும் அவர்களுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

கருவி வாங்கியவர்கள் கைவிடுவது பெரும்பாலும் மாஸ்க்கால்தான். உட்கார்ந்து மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள், படுத்து, பக்கவாட்டில் திரும்பி, அழுத்தத்தோடு சோதியுங்கள். கசிந்தால் வாரை இறுக்குவதற்குப் பதில் மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றுத் தூக்கி மறுபடி உட்காரவையுங்கள். இறுக்க இறுக்க மெத்தை நசுங்கிக் கசிவு கூடும். தொண்டை வறண்டால் ஈரப்பதமூட்டியைக் கூட்டுங்கள், அதில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மீதியைத் தினமும் கொட்டிவிடுங்கள். பயன்படுத்திய கருவியை வாங்குபவர்கள் மாடல் எண்ணைச் சரிபார்க்கவேண்டும்: ஒலித்தடுப்பு நுரை சிதையும் அபாயத்தால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது.

பக்கத்தில் படுப்பவருக்கு

கடைசியாக, குறட்டை விடாதவர் வாங்கும் பொருள்: நுரைக் காதடைப்பான். நூலாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே செருகி, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்கவேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது சரியாகப் போடப்படவில்லை. குறட்டையின் ஆழ்ந்த உறுமலை இது முழுதாகத் தடுக்காது. மின்விசிறியின் சீரான இரைச்சலோடு சேர்ந்தால் போதுமானதாகிவிடும். ஆனால் மூச்சு நிற்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர்தான். அவர் காதை அடைத்துக்கொள்ளும் வீட்டில் மாதம் ஒரு இரவாவது போனைப் பதிவில் போட்டு, காலையில் இருவரும் சேர்ந்து கேளுங்கள்.